ஆர்.ஆர். முகாமில் ஒரு நாள் எப்படிப் போகும்? காஷ்மீரில் இருந்தவன் எழுதுகிறேன்

வேலூர் வெயில் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று இப்போது ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலா வந்தவர்களைச் சுட்டுக் கொன்றதிலிருந்து காஷ்மீரைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அங்கே வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் என்னிடம் வருகிற முதல் கேள்வி, "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்பதுதான். சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். அதற்கு நான் பதில் சொல்வதில்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எதைக் கண்டு பயந்தீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. சொல்ல நிறைய இருக்கிறது, நானே எழுதிவிடுகிறேன். யூனிட், கிராமம், ஆள் பெயர் எதுவும் வராது.

ஆர்.ஆர். என்றால் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ். 1990-ல் உருவான படை. இதில் நேராக யாரும் சேர முடியாது. ஒவ்வொரு பட்டாலியனிலும் ஏறக்குறைய பாதிப் பேர் ஒரு காலாட்படை ரெஜிமென்ட்டிலிருந்து வருவார்கள். மீதிப் பேர் பீரங்கி, சிக்னல்ஸ், பொறியாளர், சப்ளை என்று பல பிரிவுகளிலிருந்து வந்தவர்கள். இரண்டு மூன்று வருஷம் இருந்துவிட்டுத் தாய் யூனிட்டுக்குத் திரும்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டோடு இணைந்த ஆர்.ஆர். பட்டாலியன்களும் உண்டு. ராணுவத்தில் எங்களை எல்லோரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாபி சுபேதார்கூட.

முகாம் என்றால் பெரிய கோட்டை என்று நினைக்காதீர்கள். தெற்கு காஷ்மீரில் ஒரு கம்பெனி, அதாவது பட்டாலியனின் ஒரு பிரிவு, இருக்கிற இடம் நம்மூர் நடுநிலைப் பள்ளி அளவு இருந்தால் அதிகம். தகரக் கூரை போட்ட பாரக்குகள், சுற்றிலும் முள்கம்பி, கம்பியில் காலி பாட்டில்களைக் கட்டித் தொங்கவிட்டிருப்போம், யாராவது தொட்டால் சத்தம் வரட்டும் என்று. மூலைக்கு ஒரு மோர்ச்சா, அதாவது மணல் மூட்டை அடுக்கிய காவல் மேடை. கம்பிக்கு அந்தப் பக்கம் ஆப்பிள் தோட்டம். வேலிக்கு வெளியே நாலு கிளை நீண்டிருந்தால் காவல் மேடையிலிருந்து பார்வை மறையும், வெட்டினால் தோட்டக்காரனின் ஒரு வருஷ வருமானம் போகும். இந்த மாதிரி விஷயத்தைக் கம்பெனி கமாண்டரும் தோட்டக்காரரும் டீ குடித்துக்கொண்டே மணிக்கணக்கில் பேசுவார்கள். அங்கே போர் என்பது பாதி இந்தப் பேச்சுதான்.

எங்கள் நாள் சாலை திறப்பில் தொடங்கும். ஆர்.ஓ.பி. என்போம். கான்வாய், அதாவது ராணுவ வண்டி வரிசை, கிளம்புவதற்கு முன்னால், இருட்டு விலகும் நேரத்தில், எங்கள் பங்குக்கு வந்த தூரத்தை நடந்தே சோதிக்க வேண்டும். முன்னால் நாயும் அதன் கையாளும், அடுத்து மெட்டல் டிடெக்டர்காரர், இரண்டு பக்கமும் தோட்டத்துக்குள் ஆட்கள். சாலையோரம் நேற்று இல்லாத கல் இன்று இருக்கிறதா, மண் புதிதாகக் கிளறியிருக்கிறதா, பால் கேன் ஒன்று ஏன் தனியாகக் கிடக்கிறது, இதையெல்லாம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிறுபாலத்துக்கு அடியிலும் ஒருவன் இறங்கிக் குனிந்து பார்க்க வேண்டும். எனக்கு உண்மையான பயம் அந்த இடத்தில்தான் இருந்தது. என்கவுன்டரில் பயப்பட நேரம் இருக்காது. சிறுபாலத்தின் முன்னால் நேரம் இருக்கும். அதுவும் அதே பாலம், தினமும். நூறு தடவை ஒன்றும் இல்லாமல் இருந்ததால் நூற்றி ஒன்றாவது தடவை பார்க்காமலே "சரி" என்று கை காட்டிவிடத் தோன்றும். செக்‌ஷன் கமாண்டராக நான் போராடியது பெரும்பாலும் இந்தத் தோன்றலோடுதான். இன்று யார் குனிந்தாரோ அவர் நாளை வேண்டாம் என்று ஆளை மாற்றிக்கொண்டே இருப்பேன்.

சோதனை முடிந்தால் நிற்க வேண்டும். கடைசி கான்வாய் போகும் வரை, பல நாள் இருட்டும் வரை. சாலைக்கு முதுகைக் காட்டித் தோட்டத்தைப் பார்த்தபடி நிற்போம். அடுத்த ஆள் கண்ணில் பட வேண்டும், அந்த இடைவெளி. பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள குண்டு துளைக்காத ஜாக்கெட், தலையில் பட்கா என்கிற குண்டு தடுக்கும் கவசம், கையில் ஏ.கே. துப்பாக்கி. மழையோ பனியோ அதேதான். இதைப் படமெடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் அங்கே போன சிப்பாயின் காலத்தில் பெரும்பகுதி இதுதான்.

டிசம்பர் 21-ல் 'சில்லை கலான்' தொடங்கும். நாற்பது நாள் கடுங்குளிர். தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும். பாரக்குக்குள் புகாரி, மண்ணெண்ணெய்க் கணப்பு. தூங்கும் முன் அதை அணைத்தே ஆக வேண்டும், புகை மூட்டம் ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். இரவுக் காவலுக்குப் போகிறவன் கம்பளியைவிட்டு எழும் அந்த ஒரு நிமிஷத்தை, வெயிலில் பிறந்த நான் கடைசிவரை பழகவில்லை.

இன்னும் எழுதுவேன். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

கோவில்பட்டி குமரன்

அண்ணா, வணக்கம். நான் அக்னிவீருக்கு ரெடி பண்ணிட்டிருக்கேன். மேஜர் முகுந்த் வரதராஜன் பத்திப் படிச்சதுல இருந்துதான் இந்த ஆசை. சாப்பாடு எப்படி, வீட்டுக்குப் போன் பேச முடியுமா, பாஷை தெரியாம எப்படிச் சமாளிச்சீங்க? சொல்லுங்கண்ணா.

வேலூர் வெயில்

தம்பி, மேஜர் முகுந்த் 44 ஆர்.ஆரில் இருந்தவர். 2014 ஏப்ரல் 25, ஷோபியான் மாவட்டம் காஜிபத்ரியில் நடந்த சண்டையில் இறந்தார். அதற்கு முந்தைய நாள்தான் அந்தப் பகுதியில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. அவரோடு சிப்பாய் விக்ரம் சிங்கும் அன்று இறந்தார். மேஜரைப் படிக்கும்போது அவரோடு உள்ளே போனவர்களையும் படி.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. லங்கரில், அதாவது முகாம் சமையலறையில், நம் ஆட்கள் இருந்தால் சோறு, சாம்பார் எல்லாம் கிடைக்கும். இட்லிதான் பாடு. அந்தக் குளிரில் மாவு புளிக்காது. எங்கள் சமையல்காரர் மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றிப் புகாரி எரியும் நேரத்தில் பக்கத்தில் வைத்துப் பொங்க வைப்பார். ஞாயிற்றுக்கிழமை இட்லி வந்தால் வட இந்தியப் பையன்களும் வரிசையில் நிற்பார்கள்.

போன்: வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும், இல்லாவிட்டால் உள்ளூர் எண். மலை மேல் போஸ்ட் என்றால் அதுவும் எடுக்காது. நான் சேர்ந்த காலத்தில் கடிதம்தான். முகவரியில் ஊர் பெயர் இருக்காது, 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்று ராணுவத் தபால் நிலைய எண் மட்டும் இருக்கும். மகன் எந்த ஊரில் இருக்கிறான் என்று எங்கள் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. காஷ்மீர் என்று மட்டும் தெரியும்.

பாஷை: எனக்கு இந்தி பட்டாளத்தில் வந்தது. காஷ்மீர் கிராமத்துப் பெரியவருக்கு உருது பள்ளிக்கூடத்தில் வந்தது. இருவருக்குமே அது வீட்டுப் பேச்சு இல்லை. அதனால் மெதுவாகப் பேசுவோம், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவோம். டெல்லிப் பையன் பேசினால் அதிகாரமாகக் கேட்கும். நான் பேசினால், "நீங்கள் எந்த ஊர்? இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள்?" என்று அவர்களே பேச்சை வளர்ப்பார்கள்.

ராயபுரம் ராஜா

சார், உங்கள் சேவைக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் ஒன்று. பஹல்காமில் பேர் கேட்டு, மதம் கேட்டுச் சுட்டார்கள். அந்த ஆட்களுக்குச் சோறு போட்டு இடம் கொடுத்தது உள்ளூர்க்காரர்கள்தானே? தோட்டக்காரனோடு டீ குடிப்பது, கிளையை வெட்டலாமா என்று கேட்பது, இதெல்லாம் தேவையா? கை ஓங்கினால்தான் பயப்படுவார்கள்.

வேலூர் வெயில்

ராஜா சார், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பைசரன் புல்வெளியில் 26 பேர். டி.வி.யில் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த 26 பேரில் ஒருவர் அதே ஊர்க் குதிரைக்காரர், சையத் ஆதில் ஹுசைன் ஷா. சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றப் போய்ச் செத்தவர். மறுநாள் காஷ்மீர் முழுக்கக் கடையடைப்பு, படுகொலையைக் கண்டித்து. நான் அங்கே இருந்த காலத்தில் கடையடைப்பு என்றால் எங்களுக்கு எதிராகத்தான் நடக்கும். இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று அங்கே சாலையில் நின்றவனுக்குத் தெரியும்.

இன்னும் மூன்று பேரைச் சொல்கிறேன். லெப்டினன்ட் உமர் ஃபயாஸ், குல்காம் மாவட்டத்துப் பையன், 22 வயது. 2017 மே மாதம் லீவில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவரைத் தீவிரவாதிகள் கடத்திக் கொன்றார்கள். ரைஃபிள்மேன் ஔரங்கசீப், பூஞ்ச் பக்கம், 44 ஆர்.ஆர். 2018 ஜூனில் ஈத் பண்டிகைக்கு வீட்டுக்குக் கிளம்பியவரை வழியில் பிடித்துக் கொன்றார்கள். மூன்றாவது லான்ஸ் நாயக் நசீர் அகமது வானி. இவர் ஒரு காலத்தில் எதிர்ப் பக்கத்தில் துப்பாக்கி எடுத்தவர். அதை விட்டுவிட்டு 2004-ல் நம் ராணுவத்தில் சேர்ந்தார், இரண்டு தடவை சேனா மெடல் வாங்கினார், 2018 நவம்பரில் ஷோபியானில் சண்டையில் இறந்தார். 2019 குடியரசு தினத்தில் அவருக்கு அசோக சக்ரா.

இப்போது யோசியுங்கள். வானி இளைஞனாக இருந்தபோது ஏதோ ஒரு ரோந்துப் படை அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கும். அன்று அங்கே நின்றவன் எல்லோரும் ஒன்றுதான் என்று முடிவு கட்டியிருந்தால் ராணுவத்துக்கு அந்த அசோக சக்ரா கிடைத்திருக்காது. எனக்கு வந்த ஒவ்வொரு நல்ல துப்பும் ஒரு காஷ்மீரி வாயிலிருந்து வந்தது. அது தெரிந்தால் தீவிரவாதிகள் அவர் குடும்பத்தையே உயிரோடு வைக்க மாட்டார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு இருந்திருக்குமா என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பக்கத்தில் பத்துப் பேரோடு நின்றவன் நான். அவர் தனியாள்.

பழைய சி.ஆர்.பி.

ஹவில்தார் சாப், ஜெய்ஹிந்த். ஆர்.ஓ.பி. பற்றி எழுதியதால் வந்தேன். நெடுஞ்சாலையில் அந்த வேலையை சி.ஆர்.பி.எஃப்.காரர்களான நாங்களும் செய்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2019 பிப்ரவரி 14, புல்வாமா. நெடுஞ்சாலை பல நாள் மூடிக் கிடந்ததால் தேங்கி நின்ற ஆட்களையெல்லாம் ஒரே கான்வாயில் ஏற்றினார்கள். 78 வண்டி, 2500 பேருக்கு மேல். காலையில் சாலையைச் சோதித்தார்கள்தான். புதைத்து வைத்த குண்டைத்தான் சோதனையில் கண்டுபிடிக்க முடியும். இது காரில் ஏறி வந்து கான்வாய்க்குள் புகுந்தது. 40 பேர் போனார்கள், அதில் இருவர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஓட்டி வந்தவன் அதே மாவட்டத்துப் பையன். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு விமானத்தில் போக அனுமதி வந்தது, கான்வாய் போகும் நாளில் பொது வண்டிகளை நிறுத்தினார்கள்.

செத்தால் தேசியக்கொடி ஒன்றுதான். பென்ஷன் மட்டும் வேறு வேறு. 2004-க்குப் பிறகு எங்கள் படையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, ராணுவத்துக்கு உண்டு. இதை ராணுவத்தில் இருந்தவர்களும் சேர்ந்து கேட்டால் எங்களுக்குப் பலம்.

வேலூர் வெயில்

ஜெய்ஹிந்த் சாப். நூற்றுக்கு நூறு உண்மை. எந்த மேடையிலும் நான் உங்கள் பக்கம்தான். புல்வாமாவுக்குப் பிறகு எங்கள் வேலையும் மாறியது. அதுவரை மண்ணைப் பார்த்தோம். அதன் பிறகு வண்டி ஓட்டுகிறவனின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். முகத்தில் எதைக் கண்டுபிடிக்க முடியும்? ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகிறவன் முகமும் அதே மாதிரிதான் இருக்கும்.

தென்பெண்ணை

நீங்கள் எழுதுவதை மதிக்கிறேன். ஆனால் இந்த இழை நல்ல சிப்பாய், நல்ல தோட்டக்காரர் என்ற அளவில் முடிந்துவிடக் கூடாது. 2010 ஏப்ரல் இறுதியில் மச்சில். வேலை வாங்கித் தருவதாக அழைத்துப்போன மூன்று கிராமத்துக்காரர்களை எல்லைக்கோட்டருகே சுட்டுக் கொன்று, பாகிஸ்தானிலிருந்து ஊடுருவியவர்கள் என்று கணக்குக் காட்டினார்கள். அந்தக் கோடையில் நடந்த போராட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கொன்ற ராணுவத்தினருக்கு ராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2017-ல் ராணுவத் தீர்ப்பாயம் அதை நிறுத்தி வைத்து ஜாமீன் கொடுத்தது. 2020 ஜூலையில் அம்ஷிபோரா. ரஜௌரியிலிருந்து கூலி வேலைக்கு வந்த மூவர், அதே கதை. அதில் ஈடுபட்ட ராணுவ கேப்டனுக்கும் ஆயுள் தண்டனை பரிந்துரைத்தார்கள், 2023-ல் அதே தீர்ப்பாயம் அதையும் நிறுத்தி வைத்தது. 2017 ஏப்ரலில் இடைத்தேர்தல் நாளன்று ஒருவரை ஜீப்பின் முன்னால் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோன அதிகாரிக்குப் பாராட்டுச் சான்று கிடைத்தது.

ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் அனுமதியில்லாமல் ஒரு சிப்பாய் மீது வழக்குத் தொடர முடியாது. 2018 ஜனவரியில் மாநிலங்களவையில் கொடுத்த கணக்கின்படி அந்த அனுமதி கேட்ட 50 விண்ணப்பங்களில் 47 மறுக்கப்பட்டன, 3 நிலுவையில் இருந்தன. ஒன்றுக்குக்கூட அனுமதி இல்லை. இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? நேராகக் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேலூர் வெயில்

தவறாக எடுக்கவில்லை. இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் எழுத ஆரம்பித்தேன். இரண்டு நாள் ஆயிற்று பதில் எழுத.

மச்சிலும் அம்ஷிபோராவும் கொலை. வேறு பெயர் கிடையாது. கூலிக்கு வந்தவனைக் கொன்று பக்கத்தில் துப்பாக்கியை வைத்துப் படம் எடுப்பவன் என் சீருடையைப் போட்டிருந்தாலும் அவன் என் ஆள் இல்லை.

ஏன் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு யூனிட்டை எதை வைத்து அளப்பது? என் செக்‌ஷன் ஒரு வருஷம் முழுக்க ஒரு கான்வாய்க்கும் சேதம் வராமல் சாலையைத் திறந்து கொடுத்தது. அது எந்த அறிக்கையிலும் சாதனையாக வராது, ஏனென்றால் ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்த பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் இரண்டு பேரைச் சுட்டால் அது எண்ணிக்கை. பதக்கம், யூனிட் பாராட்டு, பதவி உயர்வு எல்லாம் அந்த எண்ணிக்கையைச் சுற்றிப் போக ஆரம்பித்தால், எண்ணிக்கை கிடைக்காத இடத்தில் அதைத் தயார் பண்ணுகிறவன் ஒருவன் வருவான். எல்லோரும் அப்படி இல்லை. மிகப் பெரும்பாலோர் இல்லை. ஆனால் ஒருவன் போதும். மச்சிலில் நடந்ததற்கு அந்தக் கோடையில் எத்தனை ஊரில் கல் விழுந்தது! நின்று வாங்கியவர்கள் மச்சில் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள். இறந்தவர்கள் அதே வயதுக் காஷ்மீர்ப் பையன்கள்.

7-ஆம் பிரிவு. நள்ளிரவில் ஒரு வீட்டைச் சுற்றி வளைக்கச் சொல்லிவிட்டு, உள்ளே இருந்து சுட்டால் திருப்பிச் சுட்ட சிப்பாயைப் பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலையவிட்டால், யாரும் அந்த வேலையைச் செய்ய முடியாது. அந்தப் பாதுகாப்பு எங்களுக்கு வேண்டும். ஆனால் விசாரித்து, தவறு என்று ராணுவமே கண்டுபிடித்த பிறகும் தண்டனை நிலைக்காமல் போனால், அந்தப் பாதுகாப்பு எனக்கானதாக இல்லை, அவனுக்கானதாக ஆகிவிடுகிறது. அனுமதி கொடுப்பதா மறுப்பதா என்பதைக் காரணத்தோடு, கால வரம்புக்குள், நீதிபதி ஒருவர் பார்த்து முடிவு செய்யட்டும். ஐம்பதில் ஒன்றுகூட வழக்குக்குத் தகுதி இல்லை என்பதை நான் நம்பவில்லை.

ஜீப் விஷயம். அன்று அந்த அதிகாரி பல உயிரைக் காப்பாற்றினார் என்று என் நண்பர்களே சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று ஓட்டுப் போட வெளியே வந்தவரையா கட்டுவது?

நான் ஒன்றை மட்டும் என் ஆட்களிடம் விடாமல் பார்த்துக்கொண்டேன். சுற்றிவளைப்பு என்றால் நடுராத்திரியில் சத்தமில்லாமல் கிராமத்தைச் சூழ்ந்து நிற்போம். விடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு. ஆண்கள் வெளியே வருவார்கள். அப்புறம் வீடு வீடாக. கதவைத் திறப்பது பெரும்பாலும் ஒரு பாட்டியாகவோ சின்னப் பிள்ளையாகவோ இருக்கும். அந்த வாசலில் நிற்கும்போது கதவுக்குப் பின்னால் ஏ.கே. இருக்கலாம், பாட்டி மட்டும் இருக்கலாம். இரண்டுக்கும் தயாராக நிற்க வேண்டும். விரல் விசைக்கு வெளியே, வாயில் 'சலாம்'. அரிசி டின்னைக் கவிழ்க்கக் கூடாது, கையை விட்டுப் பார்க்கலாம். தொழுகை விரிப்பில் பூட்ஸ் படக் கூடாது. பெண்கள் இருக்கிற அறைக்குள் பெண் போலீஸ் இல்லாமல் நுழையக் கூடாது. வெளியே வரும்போது அந்த வீட்டில் எதுவும் உடையவில்லை என்று வீட்டுக்காரரையே பார்க்கச் சொல்ல வேண்டும். இது கருணைக்காக மட்டும் சொல்வதில்லை. அதே வாசல் வழியாக நாளைக் காலை நான் ஆர்.ஓ.பி. நடக்க வேண்டும். சிறுபாலத்தில் யாரோ தோண்டியதை அந்த வீட்டுப் பிள்ளை பார்த்திருந்தால், என்னிடம் சொல்வானா மாட்டானா என்பது முந்தின இரவில் முடிவாகிவிடுகிறது.

செண்பகம்

அண்ணா, நான் ஊட்டி. என் வீட்டுக்காரர் இப்பவும் சர்வீஸ்ல இருக்கார். 2019 ஆகஸ்ட் 5-ம் தேதி 370-ஐ எடுத்தப்போ அவர் அங்கதான். காலைல இருந்து போன் போகல. ரெண்டு நாள், நாலு நாள், ஒரு வாரம். டி.வி.ய ஆஃப் பண்ணவும் முடியல, பார்க்கவும் முடியல. அப்புறம் ராணுவ லைன்ல இருந்து ஒரு தடவை ரெண்டு நிமிஷம் பேசினார். "சாப்பிட்டியா"ன்னு கேக்கறதுக்குள்ள கட் ஆயிடுச்சு.

இங்க கமர்சியல் ரோடு பக்கம் காஷ்மீர்க்காரங்க சால்வைக் கடை வச்சிருக்காங்க. நான் ஸ்வெட்டர் வாங்கற கடைல இருக்கற அண்ணனுக்கு எங்க வீட்டு விஷயம் தெரியும். நான் போய் நின்னதும் அவரே கேட்டார், "சாப்கிட்ட இருந்து போன் வந்துச்சா?" அவருக்கும் அவங்க அம்மாகிட்ட இருந்து போன் வரல. அவங்க ஊர்ல லேண்ட்லைனும் இல்ல. அக்டோபர் 14-ம் தேதிதான் போஸ்ட்பெய்டு திரும்ப வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் நடுவுல ரெண்டு மூணு தடவையாவது பேசிட்டார், அந்த அண்ணன் அவ்ளோ நாளும் கேக்காமலே இருந்தார். கடைய மட்டும் ஒரு நாளும் மூடல.

உங்க பதிவை அந்தக் கடை அண்ணனுக்கும் தமிழ்ல படிச்சு இந்தில சொல்லணும்னு நினைச்சிருக்கேன்.

வேலூர் வெயில்

சொல்லுங்கள் தங்கச்சி. அவருக்கு என் சலாம். தன் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் குடும்பத்தை நடத்துகிற பெண்களுக்குப் பதக்கம் என்று ஒன்றும் கிடையாது. பள்ளி ஃபீஸ், மாமனார் ஆஸ்பத்திரி, பேங்க், எல்லாம் நீங்கள். லீவில் வருகிற நாங்கள் விருந்தாளிதான். முதல் வாரம் முழுக்க ரோட்டோரம் கிடக்கிற பையைப் பார்த்து ஒதுங்கி நடப்போம். பிள்ளைகள் பட்டாசு வெடித்தால் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வோம். உங்கள் வீட்டுக்காரர் அப்படி இருந்தால் ஏன் என்று துருவாதீர்கள், பக்கத்தில் இருங்கள். தூக்கம் மாதக்கணக்கில் கெட்டால் மட்டும் ராணுவ ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நானும் போனவன்தான்.

வடமராட்சி

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். எழுதுறதோ வேண்டாமோ எண்டு கனக்க யோசிச்சன். நீங்கள் சொல்லுற கதவுக்கு உள்ளுக்க நிண்டவள் நான். 1987 ஒக்டோபர். உங்கட ஆமி அமைதிப்படை எண்டு வந்து பிறகு சண்டை தொடங்கின நேரம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ள தீபாவளி அண்டு நோயாளியளையும் டொக்டர்மாரையும் தாதிமாரையும் சுட்டது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அறுபது பேருக்கு மேல.

எங்கட வீட்டுக்குச் சோதனைக்கு வந்த ஆக்களில ஒருத்தருக்குத் தமிழ் தெரியும். உங்கட பக்கத்து ஆள்தான். தமிழ் தெரிஞ்ச ஆள் வந்தா நல்லம் எண்டு நீங்கள் நினைப்பியள். எங்களுக்கு அதுதான் கூடப் பயம். சிங்கள ஆமி வரேக்க அம்மா எங்களோட மெல்லமாக் கதைச்சு "பயப்பிடாதை, அழாதை" எண்டு சொல்லுவா. இவருக்கு விளங்கும் எண்டதால அம்மா வாயே திறக்கேல்லை. அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனவை. ரெண்டு கிழமையால விட்டவை. அவருக்கு ஒரு காது இண்டைக்கும் கேக்காது.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதேல்லை. நீங்கள் அரிசி டின்னைப் பற்றி எழுதினதை வாசிச்ச பிறகு, இதை உங்களுக்குச் சொல்லலாம் எண்டு பட்டது.

வேலூர் வெயில்

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்கள் அண்ணனுக்கு நடந்ததற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. சொல்லவும் மாட்டேன்.

நான் சேர்ந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. இலங்கை போய் வந்த சீனியர்கள் அப்போது யூனிட்டில் இருந்தார்கள். அந்தப் பணியில் ஏறக்குறைய 1200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். மற்ற எல்லாச் சண்டையைப் பற்றியும் படாகானா விருந்தில் மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், அதைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள். தமிழ் பேசுகிற ஆள் என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தங்களை முன்னால் நிறுத்தியதை ஒருவர் ஒரே ஒரு தடவை சொன்னார். மேலே கேட்டேன், எழுந்து போய்விட்டார்.

காஷ்மீரில் எனக்கு அவர்கள் வீட்டுப் பேச்சு புரியாது. அவர்கள் தங்களுக்குள் காஷ்மீரியில் பேசும்போது எங்கள் பையன்களில் சிலர், "என்ன பேசறீங்க, இந்தியில பேசுங்க" என்று அதட்டுவார்கள். நான் அதைத் தடுத்ததில்லை, பாதுகாப்புக்குத் தேவை என்றுதான் நினைத்தேன். ஒரு தாய் பிள்ளையிடம் அழாதே என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பாள் என்று உங்கள் பதிவைப் படிக்கும்வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

தென்பெண்ணை

7-ஆம் பிரிவு பற்றி இன்னும் உங்களோடு முரண்படுகிறேன். அந்தச் சட்டமே போக வேண்டும் என்பதுதான் என் நிலை. ஆனால் காரணத்தோடு, கால வரம்புக்குள், நீதிபதி பார்வையில் என்று நீங்கள் சொன்னது நடந்தால் அதுவே பெரிய காரியம். வடமராட்சி அக்கா, உங்கள் அண்ணன் விரும்பினால் அவர் சொல்வதைத் தனி இழையாகப் போடுங்கள். நாங்கள் படிப்போம்.

கோவில்பட்டி குமரன்

அண்ணா, எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன். இதை அம்மாகிட்ட காட்டினா விடவே மாட்டாங்க. நான் போகட்டுமா வேண்டாமா?

வேலூர் வெயில்

தம்பி, அம்மாவிடம் காட்டு. மறைத்துவிட்டுப் போகாதே.

அக்னிவீர் கணக்கைத் தெளிவாகத் தெரிந்துகொள். நாலு வருஷம். அதற்குப் பிறகு 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். மீதிப் பேர் சேவா நிதி சுமார் 11.71 லட்சத்தோடு வெளியே வர வேண்டும், பென்ஷன் கிடையாது. அந்த 25-ல் நான் இருப்பேன் என்று மட்டும் நம்பிப் போகாதே. பாதியில் நிற்கிற படிப்பு ஏதாவது இருந்தால் தொலைதூரக் கல்வியில் தொடர ஏற்பாடு செய்துவிட்டுப் போ. இந்தி பேசக் கற்றுக்கொள், எழுத்து வராவிட்டாலும் பரவாயில்லை.

உடல் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். ஐந்தரை நிமிஷத்துக்குள் வந்தால் முழு மார்க். புல்-அப்ஸிலும் முழு மார்க்குக்குப் பத்து எடுக்க வேண்டும், இப்போது நாலுதான் வருகிறது என்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று, அவசரப்படாதே. முழங்காலைப் பார்த்துக்கொள். தார் ரோட்டில் ஓடாதே, கண்மாய்க் கரையில் ஓடு.